விஆர் ஹெட்செட்டா, யோக் பெடலா: வீட்டு ஃப்ளைட் சிம்முக்கு எதை முதல்ல வாங்கறது, வாங்கினத எப்படி செட் பண்றது

கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டற ஃப்ளைட் சிம் உள்ள வந்து ரெண்டு மாசம் ஆகி, கீபோர்டும் மவுஸும் பத்தலன்னு தோண ஆரம்பிச்சதும் எல்லாரும் கேக்கற கேள்வி இதுதான், கைல கொஞ்சம் காசு இருக்கு, தலைல மாட்டற விஆர் ஹெட்செட் வாங்கவா இல்ல யோக் (விமானத்தோட ஸ்டீரிங்), கால் பெடல், த்ராட்டில் (எஞ்சின் பவர் லீவர்)னு வாங்கி டேபிள்ல மாட்டவா. நான் ரெண்டையும் வாங்கியிருக்கேன், அதுவும் தப்பான வரிசைல. முதல்ல ஹெட்செட் வாங்கிட்டு அச்சு ஆடிப்போன ஒரு பழைய ஜாய்ஸ்டிக்க வச்சு ஓட்டினேன், அப்புறம் ஆசை ஆசையா ஒரு சுவிட்ச் பேனல் வாங்கி மாட்டினேன், ஹெட்செட்ட தலைல போட்டதும் அந்த பேனல் எங்க இருக்குன்னே தெரியல. கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி வரிசையா இருக்கிற சுவிட்ச் மேல தடவிட்டு இருந்தேன், ஃபைனல்ல, அதாவது இறங்கறதுக்கு முந்தின கடைசி நேர் பாதைல, லேண்டிங் லைட்ட போடப் போய் ரேடியோ, டிஸ்ப்ளேக்கெல்லாம் கரண்ட் குடுக்கிற ஏவியானிக்ஸ் மாஸ்டர அமுக்கி மொத்த ஸ்கிரீனும் இருட்டாயிடுச்சு. அந்த பேனல் இப்போ அலமாரில தூங்குது.

சரி விஷயத்துக்கு வருவோம். ஹெட்செட் கண்ணுக்கு, கண்ட்ரோல் கைக்கு. நீங்க ஓட்டற மாதிரி ஓட்டத்துல கண்ணுக்கு வேலை ஜாஸ்தியா கைக்கு வேலை ஜாஸ்தியான்னு கண்டுபிடிச்சுட்டா எதுக்கு முதல்ல காசு போடணும்னு தானா தெரிஞ்சுடும்.

இதுக்கு ரெண்டு பழைய புது உதாரணம் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. எட்வின் லிங்க்னு ஒரு அமெரிக்காக்காரர், குடும்பத் தொழில் ஆர்கன் பியானோ செய்யறது, அந்த ஆர்கனுக்கு காத்தடிக்கிற துருத்திய வச்சே 1929 வாக்குல ஒரு பைலட் ட்ரெயினர் செஞ்சார். உள்ள உக்காந்ததும் மேல மூடி போட்டு மூடிடுவாங்க, வெளிய ஒண்ணுமே தெரியாது, ஸ்டிக், பெடல், மீட்டர் அவ்வளவுதான். 1934ல அமெரிக்க ராணுவம் தபால் விமானம் ஓட்டப் போய் மோசமான வானிலைல வரிசையா பைலட்டுங்கள இழந்த பிறகுதான் ஆறு ட்ரெயினர் வாங்கினாங்க, ரெண்டாம் உலகப் போர்ல ஆயிரக்கணக்கான பேர் அந்த பொட்டில உக்காந்துதான் இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங் கத்துக்கிட்டாங்க. வெளிய பார்க்க எதுவுமே இல்லாம. அப்படியே இந்தப் பக்கம் 2021 ஏப்ரலுக்கு வாங்க, ஐரோப்பாவோட விமானப் பாதுகாப்பு அமைப்பு ஈயாசா முதல் தடவையா ஒரு விஆர் சிமுலேட்டருக்கு பைலட் ட்ரெயினிங்ல பயன்படுத்த அனுமதி குடுத்தது, சுவிட்சர்லாந்து விஆர்எம் கம்பெனி செஞ்ச ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் சிம். ஏன் ஹெலிகாப்டர்? ஹோவர் பண்றப்ப தரை எவ்வளவு தூரத்துல இருக்கு, எந்தப் பக்கம் நழுவறோம்னு கண்ணு ஆழம் பார்த்தே ஆகணும், அதுக்கு தட்டை ஸ்கிரீன் ஒத்து வராது. ஆனா அந்த சிம்லயும் கைக்கு நிஜ சைஸ்ல சைக்ளிக், கலெக்டிவ்னு ரெண்டு பிடி, காலுக்கு பெடல் எல்லாம் இருக்கு, கீழ ஆடற மேடை வேற. விஆர்லயே ஓட்டறவனும் கைல நிஜத்ததான் பிடிக்கிறான், இத மறக்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சாயந்திரம் டெஸ்ட்

காசு செலவு இல்லாம ஒரு சோதனை சொல்றேன். சின்ன விமானமான செஸ்னா 172 எடுங்க, மதுரை ஏர்போர்ட், ரன்வே 27, காத்து இல்லாத கிளியர் வெதர். 55 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துல மூக்க தூக்குங்க, 74 நாட் வேகத்துல ஏறுங்க, இடது பக்கமா திரும்பி ரன்வேய சுத்தி ஒரு சர்க்யூட் போடுங்க, தரைலேர்ந்து 1000 அடி உயரத்துல ரன்வேக்கு இணையா எதிர் திசைல வாங்க. இப்போ ரன்வே உங்க இடது பக்கம் இருக்கணும். அதோட முனை உங்க இடது தோளுக்கு பின்னாடி 45 டிகிரில வர்றப்ப பேஸுக்கு, அதாவது ரன்வேக்கு குறுக்க போற பாதைக்கு திரும்பணும், அதான் பாடம். மானிட்டர்ல இத பண்ணிப் பாருங்க, இடது பக்கம் பார்க்க ஹேட் சுவிட்ச (ஸ்டிக் தலைல பார்வைய திருப்பற குட்டி பட்டன்) அமுக்கணும், பார்வை சடார்னு 90 டிகிரி திரும்பும், ரன்வே எங்கன்னு தேடறதுக்குள்ள மூக்கு தொங்கி 200 அடி இறங்கிடும், திரும்ப முன்னாடி வந்து சரி பண்ணி மறுபடி பக்கத்துல பார்த்தா ரன்வேய தாண்டி எங்கயோ போயிருப்பீங்க. எத்தனை தடவ ஹேட்ட அமுக்கினீங்கன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க.

அடுத்து பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ320 எடுத்து எல்லாம் ஆஃப்ல இருக்கிற நிலைலேர்ந்து ஸ்டார்ட் பண்ணி, ரூட் போட்டு, கிளம்பி, 10000 அடி வரைக்கும் போங்க. மவுஸால எத்தனை தடவ ஒரு குமிழ திருகினீங்க, எத்தனை தடவ எண் அடிச்சீங்கன்னு எண்ணுங்க.

உங்களுக்கு முதல் ஃப்ளைட் பிடிச்சு, அதுல ஹேட் சுவிட்ச்தான் கடுப்பேத்துச்சுன்னா நீங்க ஹெட்செட் ஆளு. சின்ன விமானம், ஹெலிகாப்டர், டிசிஎஸ்னு போர் விமான சிம்ல டாக்ஃபைட் (வான் சண்டை) இதெல்லாம் இந்த கணக்குதான், எதிரி தலைக்கு பின்னாடி இருக்கான்னா தலைய திருப்பி பார்க்கறதுக்கு மேல எதுவும் இல்ல. ரெண்டாவது ஃப்ளைட் பிடிச்சு அதுல மவுஸ்தான் கடுப்புன்னா ஹெட்செட் பக்கமே போகாதீங்க, அந்த காச அப்படியே கண்ட்ரோல்ல போடுங்க. வாட்ஸிம்னு ஆன்லைன் நெட்வொர்க்ல நிஜ ஆள் ஏடிசியோட (விமானங்களுக்கு வழி சொல்றவர்) ஓட்டறவங்களுக்கும் இதே பதில், அவர் கிளியரன்ஸ் (அனுமதி) சொல்றப்ப நோட்டுல எழுதணும், சார்ட் பார்க்கணும், ஹெட்செட் போட்டா பேனா எங்க நோட்டு எங்கன்னு தேடிட்டு இருப்பீங்க, அதுக்குள்ள அவர் அடுத்த ஆளோட பேச போயிடுவார்.

ஹெட்செட்டோட வர்ற ரெண்டு கண்ட்ரோலர கைல பிடிச்சே யோக்க பிடிச்சு ஓட்டலாமேன்னு சில பேர் கேப்பாங்க. ஓட்டலாம். ஆனா கை அந்தரத்துல தொங்கும், பிடிக்கு எதிர்ப்பு எதுவும் கிடையாது, லேண்டிங்ல கடைசி பத்து அடில மெதுவா மூக்க தூக்கணும் பாருங்க அப்போ கை நடுங்கறது அப்படியே விமானத்துல தெரியும். சுவிட்ச் போட ஓகே, ஓட்ட வேண்டாம்.

அதனால எந்தப் பக்கம் போனாலும் முதல் செலவு நல்ல ஜாய்ஸ்டிக் ஒண்ணு. ஹால் சென்சார் இருக்கிறதா பாருங்க, காந்தத்தால வேலை செய்யறது, உரசல் இல்ல, பழைய பொட்டென்ஷியோமீட்டர் மாதிரி ரெண்டு வருஷத்துல துடிக்க ஆரம்பிக்காது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம், விகேபி கிளாடியேட்டர் இதெல்லாம் இந்த ரகம். யோக் அழகா இருக்கும், ஹனிகாம்ப் ஆல்ஃபா 180 டிகிரி திரும்பும், செஸ்னாவுக்கு அருமை, ஆனா ஏ320க்கும் ஹெலிகாப்டருக்கும் அது பொருந்தாது, ஸ்டிக் எல்லாத்துக்கும் ஒப்பேத்திடலாம். ரெண்டாவது பெடல். செஸ்னால ஃபுல் த்ராட்டில் குடுத்ததும் மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது கால அமுக்கிதான் நேரா வச்சுக்கணும், அத ஸ்டிக்க முறுக்கி பண்றவங்க டேக்ஆஃப்ல ரெக்கையையும் சேர்த்து சாய்ச்சுடுவாங்க. ஏ320 மட்டும் ஓட்டறவங்க பெடல தள்ளிப் போடலாம், த்ராட்டில் முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன்.

மாட்டறது

இதுல யாரும் கவனம் வைக்க மாட்டாங்க, ஆனா பாதி பிரச்சனை இங்கதான். பெடல் நழுவும். நம்ம வீட்டு டைல்ஸ் தரைல வச்சு பிரேக்க அமுக்கினா பெடல் முன்னாடி போகும், சக்கர நாற்காலி பின்னாடி போகும், ஓடற பைக்ல கால் வச்ச மாதிரி இருக்கும். பெடலுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு பலகைய வச்சு அண்டை குடுங்க, நாற்காலி சக்கரத்த கழட்டிடுங்க, முடியலன்னா நாற்காலி காலையும் பெடலையும் துணி காயப் போடற நைலான் கயித்தால இழுத்துக் கட்டுங்க, நான் கட்டி மூணு வருஷம் ஆச்சு. யோக்க கிளாம்ப் போடறதுக்கு முன்னாடி டேபிள் பலகையோட கனத்த அளந்துக்கோங்க, டேபிள் மேல மாட்டினா உயரம் ஜாஸ்தியாகி தோள் வலிக்கும், சீட்ட ஒரு தலைகாணி போட்டு ஏத்திக்கோங்க.

ப்ளக் பண்ணதும் சிம்முக்குள்ள போய் பார்க்க வேண்டிய முதல் விஷயம் டபுள் அசைன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தானாவே ஒரு ப்ரொஃபைல் போட்டுடும், அதனால ஜாய்ஸ்டிக் அடில இருக்கிற குட்டி த்ராட்டிலும் நீங்க புதுசா வாங்கின த்ராட்டிலும் ஒரே நேரத்துல எஞ்சின ஓட்டும், எஞ்சின் சத்தம் ஏறி இறங்கி பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். நிறைய பேர் கருவி பழுதுன்னு திருப்பி அனுப்பறாங்க. குட்டி த்ராட்டில் ஆக்ஸிஸ கிளியர் பண்ணுங்க, அவ்வளவுதான். அப்புறம் சென்சிடிவிட்டி, நிஜ யோக்கோட அசைவு நீளம் நம்ம குட்டி ஸ்டிக்குக்கு கிடையாது, அதனால நடுவுல வளைவ கொஞ்சம் மந்தமா வைங்க, மைனஸ் 30 பக்கம் ஆரம்பிச்சு பாருங்க. டெட்ஸோன், அதாவது ஸ்டிக்க நடுவுல அசைச்சாலும் சிம் கண்டுக்காத இடம், ஹால் சென்சார்னா கிட்டத்தட்ட பூஜ்ஜியம். நடுவுல விமானம் தானா நகர்ந்தா மட்டும் ரெண்டு மூணு சதவீதம் ஏத்துங்க. ரொம்ப ஏத்தினா லேண்டிங்ல ஸ்டிக்க இழுப்பீங்க, ஒண்ணும் நடக்காது, இன்னும் இழுப்பீங்க, எகிறும்.

ட்ரிம் பத்தி ஒண்ணு, மூக்க ஒரே நிலைல நிறுத்தி கை பாரத்த குறைக்கிற சக்கரம் அது. நிஜ விமானத்துல யோக்க இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கைல இருக்கிற பாரம் போற வரைக்கும் ட்ரிம் சக்கரத்த உருட்டுவாங்க, கை அப்படியே இருக்கும். நம்ம ஸ்பிரிங் ஸ்டிக்ல அந்த பாரம் போகாது, ட்ரிம்ம உருட்ட உருட்ட ஸ்டிக்க மெதுவா நடுவுக்கு விட்டுக்கிட்டே வரணும். ரெண்டு கையும் சேர்ந்து பண்ற வேலை, ஒரு வாரம் பழகினா வந்துடும். இது விஆர் போட்டாலும் மாறாது, மோட்டார் வச்சு கைக்கு பாரம் குடுக்கிற ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக் வாங்கினாதான் மாறும், அது வேற விலை.

நாலஞ்சு கருவி ஆனதும் யுஎஸ்பி மக்கர் பண்ணும், திடீர்னு டங்குனு ஒரு சத்தம், ஃபைனல் அப்ரோச்ல பெடல் காணாம போகும். தனி கரண்ட் அடாப்டர் இருக்கிற ஹப் வாங்குங்க, விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல ஒவ்வொரு யுஎஸ்பி ஹப்புக்கும் பவர் மேனேஜ்மென்ட்ல போய் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆஃப் பண்ற டிக்க எடுத்துடுங்க.

ஹெட்செட் பக்கம் போறவங்களுக்கு

முதல்ல ஒரு எச்சரிக்கை, செகண்ட் ஹேண்ட்ல ஹெச்பி ரிவர்ப் ஜி2 ஹெட்செட் மலிவா வருதேன்னு ஆழம் தெரியாம கால விடாதீங்க, அது ஓடற விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டிய விண்டோஸ் 11ஓட 24எச்2 அப்டேட்ல மைக்ரோசாஃப்ட் எடுத்துடுச்சு.

போட்டதும் கண்ணுக்கு நடுவுல இருக்கிற தூரத்த செட் பண்ணுங்க, கண்ணாடிக் கடைல ஐபிடின்னு கேட்டா மில்லிமீட்டர்ல சொல்வாங்க, நிறைய பேருக்கு 63ஐ ஒட்டி இருக்கும். இது தப்பா இருந்தா காக்பிட்டே பொம்மை வீடு சைஸ்ல தெரியும், தலைவலி வேற. எழுத்து மங்கலா இருக்கேன்னு பதறாதீங்க, கண்ணு நல்லா இருக்கிற ஆளுக்கு ஒரு டிகிரிக்கு 60 பிக்சல் வேணும், குவெஸ்ட் 3ல 25 பக்கம்தான் வருது. செஸ்னாவோட வட்ட மீட்டர்ங்க முள்ளு வச்சே படிச்சுடலாம், ஏ320ல ரூட் அடிக்கிற கம்ப்யூட்டரான எம்சிடியூவோட எழுத்த படிக்க மூக்க கிட்ட கொண்டு போகணும். ஏர்லைனர் ஆளுங்கள தடுத்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபிரேம் (ஒரு நொடிக்கு எத்தனை படம்) விஷயத்துல பேராசை வேண்டாம். ஹெட்செட்ட 72 ஹெர்ட்ஸ்ல வச்சு, சிம்ம நிலையா 36 ஃபிரேம்ல பிடிச்சு, நடு ஃபிரேம ஹெட்செட்டே நிரப்பிக்கட்டும்னு விட்டுடுங்க. 90ஐ துரத்திக்கிட்டு 50க்கும் 80க்கும் குதிக்கறதுதான் வாந்திக்கு நேர் வழி. குறைக்கறப்ப மேகத்த முதல்ல குறைங்க, அப்புறம் நிழல், அப்புறம் ஏர்போர்ட்ல நிக்கிற வண்டி ஆளுங்க, படத்த எவ்வளவு கூர்மையா வரையணும்னு சொல்ற ரெண்டர் ஸ்கேல கடைசியா தொடுங்க, அது குறைஞ்சா மீட்டர் எழுத்து போயிடும். வயர் இல்லாம ஓட்டணும்னா பிசிய ரவுட்டரோட லேன் வயர்ல இணைங்க, ஹெட்செட் மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைல, அதே அறைல. பிசியும் வைஃபைல இருந்தா படம் கட்டம் கட்டமா வரும்.

இப்போ முக்கியமான பாகம், கண்ணும் கையும் ஒத்துப் போக வைக்கறது. நீங்க ஹெட்செட்ல பார்க்கிற த்ராட்டிலும் டேபிள்ல இருக்கிற த்ராட்டிலும் ஒரே இடத்துல இருக்கணும். சீட்ல உக்காந்து நேரா பார்த்து ரீசென்டர் (பார்வைய நடுவுக்கு கொண்டு வர்றது) பண்ணுங்க, காக்பிட்ல த்ராட்டில் தெரியற இடத்துல கைய அந்தரத்துல நீட்டி நிறுத்துங்க, அப்படியே இன்னொரு கையால ஹெட்செட்ட தூக்கிப் பாருங்க. கை நிக்கிற இடத்துக்கு நிஜ த்ராட்டில நகர்த்துங்க. ரெண்டு மூணு தடவ பண்ணா ஒரு விரக்கடைக்குள்ள வந்துடும். ஒட்டிடுச்சுன்னா மூளை நம்பிடும், கை தானா போகும், அப்போ வர்ற சந்தோஷத்த சொல்லித் தெரிய வைக்க முடியாது. ரீசென்டருக்கு ஸ்டிக்லயே ஒரு பட்டன் வைங்க, கீபோர்ட்ல வைக்காதீங்க, கீபோர்ட தேடறப்பதான் நீங்க நகர்ந்து போறீங்க.

பட்டன் குறைவா வைங்க. அகல உழறத விட ஆழ உழு. ஃபிளாப், கியர், பிரேக், ட்ரிம், பார்வை ரீசென்டர், ரேடியோ பேசற பட்டன், ஆட்டோபைலட் கட், இவ்வளவு போதும், மிச்சம் எல்லாத்துக்கும் மவுஸ். மவுஸ வலது தொடை பக்கத்துல ஒரு சின்ன பலகைல வெல்க்ரோ ஒட்டி எப்பவும் ஒரே இடத்துல வைங்க. பட்டன தடவி கண்டுபிடிக்க நான் பண்றது, கல்லு வச்ச ஸ்டிக்கர் பொட்டு. ஃபிளாப்புக்கு ஒண்ணு, கியருக்கு ரெண்டு. ஒரு அட்டை பத்து ரூபாய்க்கு கிடைக்கும், விரல்ல நல்லா தட்டுப்படும், வீட்ல எடுத்தா மட்டும் கேட்டுட்டு எடுங்க. மாட்டி முடிச்சதும் ஹெட்செட்ட போட்டு சிம் ஓடாம ஒவ்வொரு பட்டனையும் பத்து தடவ தொட்டுப் பாருங்க, தப்பா தொட்டா இடத்த மாத்துங்க. சார்ட் வேணும்னா ஓப்பன்நீபோர்டுன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பிடிஎஃப்ப உங்க தொடை மேல இருக்கிற மாதிரி ஹெட்செட்டுக்குள்ளயே காட்டும்.

காபி டம்ளர டேபிள்ல வைக்காதீங்க. ஒரு தடவ கிராஸ்விண்ட் லேண்டிங்ல இடது கைய வீசி டிகாக்ஷன் முழுக்க த்ராட்டில் மேல ஊத்தினேன். உள்ள சர்க்கரை போய் ஒட்டி அந்த லீவர் ஒரு மாசம் நறநறன்னுச்சு.

தலை சுத்தல் நிறைய பேருக்கு வரும். கண்ணு திரும்பறோம்னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு சும்மா உக்காந்திருக்கோம்னு சொல்லுது, நடுவுல மாட்டினது வயிறு. முதல் நாள் நிறுத்தி வச்ச விமானத்துல உக்காந்து சுத்தி பார்த்துட்டு எழுந்துடுங்க. ரெண்டாம் நாள் டாக்ஸி, மூணாம் நாள் நேரா ஒரு பறப்பு, கால் மணி நேரம் தாண்டக் கூடாது. நெத்தில வேர்வை, வாய்ல எச்சில் ஊற ஆரம்பிச்சா அந்த நொடியே கழட்டுங்க, வீரம் காட்டி தொடர்ந்தா அடுத்த தடவ ஹெட்செட்ட பார்த்தாலே குமட்டும், எனக்கு ஆச்சு. முகத்துக்கு நேரா டேபிள் ஃபேன் வைங்க, லென்ஸ் ஆவி பிடிக்கறதும் குறையும், காத்து ஒரே பக்கத்துலேர்ந்து வர்றதால எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருக்கோம்னு உடம்புக்கு தெரியும்.

ஏ320 ஆளுங்களுக்கு

முன்னாடி த்ராட்டில் முக்கியம்னு சொன்னேன்ல. ஏர்பஸ் த்ரஸ்ட் லீவர்ல ஐடில் (சும்மா ஓடறது), கிளைம்ப் (மேல ஏற), ஃப்ளெக்ஸ் (பவர் குறைச்ச டேக்ஆஃப்), டோகா (ஃபுல் பவர்)னு பள்ளம் பள்ளமா நிறுத்தம் இருக்கு, லீவர் அந்தந்த பள்ளத்துல டக்குனு விழும். டேக்ஆஃப்ல ஃப்ளெக்ஸ்ல வச்சுட்டு, மேல ஏறி ஸ்கிரீன்ல எல்விஆர் சிஎல்பின்னு (லீவர கிளைம்புக்கு கொண்டு வான்னு அர்த்தம்) மின்னினதும் ஒரு டக் பின்னாடி, அப்புறம் ஆட்டோத்ரஸ்ட் பார்த்துக்கும், லீவர் அசையாது, லேண்டிங்ல 20 அடில ரிட்டார்ட்னு (லீவர ஐடிலுக்கு இழுன்னு அர்த்தம்) விமானம் கத்தற வரைக்கும் தொட வேண்டாம். மொத்தமே அந்த டக்கு டக்குதான். சாதா த்ராட்டில்ல எங்க கிளைம்ப் எங்க ஃப்ளெக்ஸ்னு கண்ணால பார்த்துக்கிட்டே இருக்கணும். அதனால த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ மாதிரி பள்ளம் இருக்கிற லீவர் வாங்கி, சிம்ல கேலிப்ரேஷன் பக்கத்துல ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியா பதிவு பண்ணுங்க.

அடுத்து மேல இருக்கிற ஆட்டோபைலட் பேனலான எஃப்சியூ, வேகம், ஹெடிங், உயரம் திருகற குமிழ்ங்க. அமுக்கினா கம்ப்யூட்டர் பார்த்துக்கும், இழுத்தா நீங்க சொன்ன எண். மவுஸ்ல இந்த அமுக்கறதும் இழுக்கறதும் எப்பவும் குழப்பம், ஏடிசி ஹெடிங் 240ன்னு சொல்றப்ப குமிழ திருகி இழுக்க ரெண்டு நொடி போதும், மவுஸ்ல பத்து நொடி. வின்விங் மாதிரி கம்பெனிங்க இத ரெடிமேடா விக்கறாங்க. காசு பார்க்கறவங்க ஆர்டுயினோ மெகான்னு குட்டி எலக்ட்ரானிக் போர்டு ஒண்ணு, அமுக்கற வசதி இருக்கிற ரோட்டரி என்கோடர் (சுத்தற குமிழ்) நாலு, மொபிஃப்ளைட்ன்னு இலவச சாஃப்ட்வேர், இத வச்சு ஒரு ஸ்வீட் பாக்ஸ் அட்டைலயே ஓட்டை போட்டு முதல் மாடல் செஞ்சு பாருங்க, ப்ரோக்ராம் எதுவும் எழுத வேண்டாம், எந்த பின் எந்த குமிழ்னு சாஃப்ட்வேர்ல சொன்னா போதும். இழுக்கறதுக்கு பதில் நீளமா அமுக்கறதுன்னு வச்சுக்கலாம்.

வெளிய சுத்திப் பார்க்கணும்னு ஆசை மிச்சம் இருந்தா ஓப்பன்ட்ராக்னு ஒரு சாஃப்ட்வேர். வெப்கேம் போதும், இதுவும் இலவசம், உங்க முகத்த பார்த்து தலை திரும்பறத சிம்முக்கு அனுப்பும். வளைவ எப்படி வைக்கணும்னா நடுவுல கொஞ்ச தூரம் அசையவே கூடாது, தலை 15 டிகிரி திரும்பினா சிம்ல 90 டிகிரி திரும்பணும், அப்போதான் கண்ணு மானிட்டர விட்டு போகாது. நடுப்பகுதி அசையற மாதிரி விட்டீங்கன்னா மூச்சு விடறப்ப கூட காக்பிட் ஆடும்.

ஹெட்செட் வச்சிருக்கிறவங்க கழட்டினதும் எங்க வைக்கறீங்கன்னு பாருங்க. லென்ஸ் மேல வெயில் நேரா பட்டா பூதக்கண்ணாடி மாதிரி வேலை செஞ்சு உள்ள ஸ்கிரீன்ல ஓட்டை மாதிரி ஒரு கறை விழுந்துடும், சில நிமிஷம் போதும், வாரண்டில வராது. என் டேபிள் ஜன்னலோரம், சாயந்திரம் நாலு மணிக்கு வெயில் நேரா உள்ள வரும், அதனால பழைய தலைகாணி உறை ஒண்ணுக்குள்ள போட்டு லென்ஸ் கீழ பார்க்கிற மாதிரிதான் வைக்கிறேன்.